தொப்பிக்குப் பாடம் ஒப்பித்த வகுப்பு

ஆங்கிலம் கற்றுத் தருவதில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. எதை முதலில் வைப்பது, எதைப் பிறகு வைப்பது என்று பாடங்களை வரிசைப்படுத்துவதில்தான் வாத்தியாரின் பிராணன் போகும். அந்த வரிசையில் மாட்டிக்கொண்டு விழித்த ஆசிரியத் தோழர்களே, இது உங்களுக்காக. நான் பட்டம் வாங்கியவன் அல்லன். சிங்கப்பூர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவன். கோத்த துண்டுப் பிரசுரங்களைப் படித்தே ஆங்கிலம் பழகியவன். கூலி உயர்வு கேட்டதற்காக அங்கிருந்து விரட்டப்பட்டு, மலாயாவில் கோத்தா திங்கி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து வாசலுக்கு வந்து சேர்ந்தேன். வாசலுக்கு வெளியே ராவுத்தர் கடை. கடையின் பின்கொட்டகையில், வேலை முடிந்து வருகிறவர்களுக்கு மாலையில் என் வகுப்பு. தோட்ட எல்லைக்கு அப்பால் இருந்ததால் எந்தத் துரையாலும் அதை மூட முடியவில்லை.

நாம் கேட்கும் பக்கம்

ராவுத்தர் ஜொகூர் பாருவுக்குப் போனபோது ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கி வந்தார். பங்களா வேலைக்காரர்களுக்காக எவனோ எழுதியது. முதல் பாடம், 'ஆகட்டும் ஐயா'. அடுத்தது, 'தொப்பி இதோ இருக்கிறது ஐயா'. அதற்கடுத்தது, 'தேநீர் தயார் ஐயா'. வாரத்துக்கு ஒரு பாடம் என்று பிரித்துவிட்டு, பாடத்திட்டம் முடிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அஞ்சலை என்றொருத்தி வகுப்பில் இருந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், கையில் கைக்குழந்தை, வாயில் வாள். தேநீர்ப் பாடத்தின் நடுவில் எழுந்து நின்றாள். "வாத்தியாரே, எல்லாத்துலயும் அவங்க கேக்குறாங்க, நாம பதில் சொல்றோம். நாம கேக்குற பாடம் எத்தனாவது பக்கத்துல இருக்கு?"

ஆற்றில் தொடங்கிய திட்டம்

அப்படி ஒரு பக்கம் புத்தகத்திலேயே இல்லை. புத்தகத்தை ராவுத்தரிடம் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிட்டு, துரையிடம் என்ன கேட்க வேண்டும் என்று வகுப்பையே கேட்டேன். எல்லாரும் ஆற்றைச் சொன்னார்கள். அவர்கள் குடியிருந்த லயம் ஆற்றங்கரைப் பள்ளத்தில் இருந்தது. மழைக்காலம் வந்தால் ஆறு வீட்டுக்குள் வரும். முந்தின மழையில் அஞ்சலை குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, தண்ணீர் வடியும்வரை நின்றிருக்கிறாள். பின்னால் காய்ந்த மேடு ஒன்று சும்மா கிடந்தது. சும்மா என்றும் சொல்ல முடியாது. அதில், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மாடுகள் மேய்ந்தன.

துரை சீமையிலிருந்து வந்த புதியவர். 'வா', 'போ' தவிரத் தமிழ் தெரியாது. ஜனங்கள் சொல்வதைக் கிராணிதான் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வார். ஜனங்கள் குறை சொல்லும்போதெல்லாம் துரை சிரித்துத் தலையாட்டினார். லயம் மட்டும் அசையவில்லை. நடுவில் என்ன நடக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. பிரசுரம் படித்தவனுக்கு இதுகூடப் புரியாதா? ஆறு, தண்ணீர், வீடு, மேடு என்று பாடங்களை அடுக்கினேன். அவை எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் பாடமாக, 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்ற வாக்கியத்தை வைத்தேன். ராவுத்தர் திட்டத்தைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். "ஊரு உலகமெல்லாம் ஏ, பி, சி-யில ஆரம்பிக்குது, நீரு சண்டையில ஆரம்பிக்கிறீரே, ஓய்!"

கிராணியார் மேற்பார்வை

மேலே இருப்பவர்கள் எட்டிப் பார்க்கும்போது நடத்த ஒரு பாடம் கைவசம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நானும் வைத்திருந்தேன். கிராணியார் ஒரு நாள் வெள்ளை உடுப்போடு வந்து உட்கார்ந்தார். உடனே வகுப்பு முழுவதும் எழுந்து, 'குட் மார்னிங் சார்' என்று முழங்கியது. அது மாலை நேரம்; ஆனாலும் அவர் மனம் குளிர்ந்துவிட்டது. ராவுத்தரின் தேநீரைக் குடித்துவிட்டு என் தோளில் தட்டினார். "மரியாதைய மட்டும் சொல்லிக் குடுங்க வாத்தியார். பேச்சு என் பொறுப்பு."

தொப்பி

சொற்கள் எல்லாருக்கும் வந்துவிட்டன. ஆனால் தொப்பிக்காரரைக் கண்டால் கண் தரைக்குப் போகும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதற்கு எந்தப் புத்தகத்திலும் பாடம் இல்லை. கடையில் விலைபோகாமல் தொங்கிய துரைத்தொப்பியை இரவல் வாங்கிக் கொட்டகைக் கம்பத்தில் மாட்டினேன். ஒவ்வொருவராக வந்து, அதை நிமிர்ந்து பார்த்துப் பாடத்தை ஒப்பிக்க வேண்டும். ஒரு வாரம் தொப்பியே ஜெயித்தது. அஞ்சலையோ ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் தமிழில் அதன் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். நான் அதட்டினேன். "என்ன பண்றது வாத்தியாரே? தொப்பியப் பாத்தா படிச்சது மறந்துடுது, திட்டுறது மட்டும் தான் ஞாபகம் வருது!"

பெரட்டுக் களத்தில்

மாதம் ஒரு முறை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் துரை குறை கேட்பார். அன்று நான் வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். அஞ்சலை முன்னால் வந்து, ஆறு வீட்டுக்குள் வருகிறது, மேட்டில் லயம் கட்டித் தர வேண்டும் என்று தமிழில் சொன்னாள். கிராணியார் துரை பக்கம் திரும்பி, ஆற்றங்கரைக் காற்று இவர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். துரை வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினார்.

அஞ்சலை நகரவில்லை. கண்ணை நேரே தொப்பியில் நிறுத்தினாள். "நோ சார். ஐ டிட் நாட் சே தட்." கையை லயத்தின் பக்கம் நீட்டி, "ரிவர் கம் இன் மை ஹவுஸ்" என்றாள். பின்வரிசையிலிருந்து ஒருவன் "வாட்டர் ஹியர்" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினான். இன்னொருத்தி "ஹில் இஸ் ட்ரை, சார்" என்றாள். என் பாடத்திட்டம் வரிசை பிசகாமல் நடந்துகொண்டிருந்தது! துரை லயத்துக்கே நடந்தார். நானும் வேலியோரமாகவே ஓடினேன். சுவரில் படிந்திருந்த சேற்றுக்கோடு அவர் தோளுக்கு இருந்தது. மாடுகளை இறக்கிவிட்டு மேட்டில் லயம் கட்டச் சொல்லி அங்கேயே உத்தரவு போட்டார். அவரைப் புண்ணியவான் என்று எண்ண வேண்டாம். ஆள் காய்ச்சலில் படுத்தால் பால் வெட்டுவது யார்? ஆள் மேய்க்கும் கங்காணி வேலியருகே வந்து என் காதில் மலாய் கலந்து கிசுகிசுத்தார். "அலமாக்! அந்தப் புள்ள பேசுது, கிராணியாருக்கு வேர்க்குதுலா!"

மேட்டில்

எனக்குப் பரிசாகத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்ற தடை கிடைத்தது. பின்னாளில் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள், லயம் மாறியது தங்கள் முயற்சியால்தான் என்று மேடையில் மாலை வாங்கிக்கொண்டார்கள். வாங்கட்டும்.

அடுத்த மழையில் ஆறு வந்தது. பழைய லயத்தை முழுசாக விழுங்கியது. மேட்டு லயத்தில் அடுப்புகள் எரிந்தன. துரை குடையோடு மேடேறிப் போய், எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லிக் கிராணியாரைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாளாம். மறுநாள் வகுப்பில் அவளே நடித்துக் காட்டினாள். "நீங்க சும்மா இருங்க கிராணியாரே, நானே சொல்லிக்கிறேன்."

பள்ளிக்கூடங்களுக்கு ஆங்கிலப் பாடத்திட்டம் வகுக்க இப்போது பட்டதாரிகள் கமிட்டி போட்டுக் கூடுகிறார்களாம். அவர்கள் வகுத்த எந்த முதல் பாடத்துக்கும் இதுவரை ஒரு மாடுகூட மேட்டைவிட்டு இறங்கியதாக நான் கேள்விப்படவில்லை.