கறுப்பு நூல் கட்டின தட்டு

கோவில்பதாகையில் சம்பந்தம் மாதிரி ஒரு பிடிவாதக்காரரைப் பார்க்க முடியாது. நாற்பது வருசம் மைக் செட் வைத்து, கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊத்துற திருவிழா, சாவு என்று அந்த வட்டாரத்துக்கே பாட்டுப் போட்டவர். பெஞ்சாதி போன பிறகு ராத்திரிச் சோறு அடுத்த தெருவில், அக்கா ஞானம்மாள் வீட்டில். அந்தச் சோற்றுக்கும் ஒரு நாள் ஆபத்து வந்தது. அவர் வாயாலேயே வந்தது.

ஏழரை மணிக்குச் சோற்றைப் போட்டுவிட்டு ஞானம்மாள் டிவி முன்னால் உட்காருவாள். நாடகத்தில் மாமியார் அழுவாள், மருமகள் அழுவாள், கேட்டைத் திறந்துவிட வந்தவனும் அழுவான். சம்பந்தத்துக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

"நாப்பது வருசம் சாவு ஊட்ல ஒக்காந்துகினு இருந்தேன்க்கா. அங்ககூட இவ்ளோ நேரம் அழமாட்டாங்க. நடுவுல டீ குடிப்பாங்க."

"உன்னை யாரு பாக்கச் சொன்னது? கம்முனு துன்னு."

"எப்டி துன்றது? உன் ரசத்துக்கு உப்பே வேணாம், இவளுங்க கண்ணீரு போதும்."

கூட உட்கார்ந்து நாடகம் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஞானம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது.

"அப்போ உன் ஊட்லயே ஆக்கித் துன்னு நைனா" என்றாள்.

அவர் பாதிச் சோற்றில் கை கழுவினார். அக்கா கூப்பிட்டு அனுப்புவாள் என்று அவர் இருந்தார். தானே வருவான் என்று அவள் இருந்தாள். பன்னிரண்டு நாள் பன்னும் டீயுமாக ஓடியது. பசி கிடக்கட்டும், அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே உறவு அவள்தான்.

அந்தச் சமயத்தில் அவர் வீட்டுக்கு மேலே இரண்டாவது மாடியிலிருந்து லாவண்யா இறங்கி வந்தாள். திருநெல்வேலிப் பெண், அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை, ஏழு மாசக் கர்ப்பம். புதிதாக ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருந்தாள். போட்டுக் கேட்க இரண்டே இசைத்தட்டு.

"அங்கிள், உங்ககிட்ட பழைய ரெக்கார்டு நெறைய இருக்காமே. கேட்டுட்டுப் பத்திரமா தந்துருவேன்."

தட்டுப் பெட்டியையே தூக்கிக் கொடுத்தார். கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோசத்தில் நூல் சங்கதியைச் சொல்ல மறந்துவிட்டார். பந்தல் அவசரத்தில் அட்டையைப் படித்துக்கொண்டிருக்க முடியாது என்று அந்தக் காலத்தில் ஞானம்மாள்தான் ஒவ்வொரு அட்டை மூலையிலும் நூல் கோத்துக் கொடுத்தாள். கல்யாணத்துக்கு மஞ்சள், அம்மன் கோயிலுக்குச் சிவப்பு, சாவு வீட்டுக்குக் கறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை லாவண்யாவுக்கு வளைகாப்பு. தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டிருந்தாள், ஞானம்மாளும் போயிருந்தாள். கீழே சம்பந்தம் முகம் மழித்துக்கொண்டிருந்தார். மேலே பாட்டு ஆரம்பித்தது. நீளமாக இழுத்து இழுத்து ஒரு ஷெனாய்.

கத்தி கையிலேயே நின்றது. எத்தனையோ பாடை தூக்கும்போது அவர் போட்ட தட்டு அது. ஷெனாய் முடிந்ததும் குரல் எடுக்கும், முதல் வரியே போன உசுரைக் கூப்பிடும். திருநெல்வேலியிலிருந்து வந்த பெரியவங்க காதில் அது விழுந்தால் அந்தப் பெண்ணை என்ன சொல்வார்கள்? பாதி முகத்தில் நுரையோடு மாடி ஏறினார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. முதல் மாடி திரும்பும்போதே ஷெனாய் நின்றுவிட்டது.

குரல் வரவில்லை. ஒரு கரகரப்பு, பிறகு நாதஸ்வரம்.

வாசலில் போய் நின்று பார்த்தார். பிளேயர் பக்கத்தில் ஞானம்மாள். புடவைத் தலைப்புக்குள் கறுப்பு நூல் கட்டின அட்டை.

"முள்ளுல தூசி, அதான் மாத்தினேன்" என்று அந்தப் பெரியவங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாடா இது, பாதி மூஞ்சோட வந்து நிக்கிற? போய் கழுவு."

கூடம் முழுக்கச் சிரித்தது. லாவண்யாவும் கைநிறைய வளையலோடு சிரித்தாள்.

படியில் இறங்கும்போது ஞானம்மாள் அட்டையை அவர் கையில் திணித்தாள்.

"பெட்டிய குடுத்தா வெவரத்தையும் குடுக்கணும்."

"தப்புதான்க்கா."

"ராத்திரி சோத்துக்கு வா."

"நாடகம் ஓடுமே."

"ஓடும். உனக்காக நிறுத்தமாட்டேன். நீ அடுப்பாங்கரையில ஒக்காந்து துன்னு."

அன்றைக்கு ஏழரைக்குச் சம்பந்தம் சமையல்கட்டில் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். விளம்பரம் வந்ததும் ஞானம்மாள் கரண்டியோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா ஆச்சு அந்த மருமகளுக்கு?"

அவன் நிஜமாகத்தான் கேட்கிறான் என்று அவள் நம்பவில்லை. பிறகு நின்றபடியே, முதலிலிருந்து, யார் யாரை ஏமாற்றினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ரசம் ஆறியது. சம்பந்தம் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.