பந்தல் சாய்ந்த வாரம்

புடலங்காய் பிஞ்சாக இருக்கும்போதே அதன் நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் காய் சுருண்டுகொள்ளும். அக்காவின் தோட்டத்துப் பந்தலுக்கடியில் குனிந்து நடந்தால் தலையைச் சுற்றிலும் வாழைநாரில் கட்டிய கூழாங்கற்கள் ஆடிக்கொண்டிருக்கும். மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கும் மாதங்களில் அவை ஒன்றோடொன்று மோதி மெல்லிய சத்தம் எழுப்பும். எங்கள் ஊர் ராயப்பன்பட்டியை நினைத்தால் மாதா கோயில் மணிக்கும் முன்னதாக எனக்குக் கேட்பது அந்தச் சத்தம்தான்.

அது முதலில் திராட்சைப் பந்தல். மச்சானுடைய அப்பா காலத்தில் கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்தது. எங்கள் பக்கத்தில் திராட்சை என்றால் மருந்தும் கூடவே வரும். மழை பெய்தால் ஒரு மருந்து, பனி இறங்கினால் வேறொரு மருந்து. ஒரு நாள் மருந்தடித்துக்கொண்டிருந்த மச்சான் பந்தலுக்கடியிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். தேனி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். ஆனால் அதன்பிறகு தம்ளரைப் பிடித்தால் கை நடுங்கியது. அவர் வீடு திரும்பிய அன்றைக்கே அக்கா முடிவு செய்துவிட்டாள்.

"இனிமே இந்த வாசல்ல மருந்து டப்பா ஏறக்கூடாது. திராட்சை போனாப் போகுது, நீங்க இருந்தாப் போதும்."

மச்சான் மறுத்துப் பேசவில்லை. கொடிகளை வெட்டிப் போட்ட அன்று மட்டும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதே கம்பிகளில் அக்கா புடலையும் பாகலும் அவரையும் ஏற்றினாள். எருவுக்காக ஆட்டுக்காரர்களைக் கூப்பிட்டுத் தோட்டத்தில் கிடை போட வைத்தாள். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தாள். காய் காய்த்தது. ஆனால் கமிஷன் கடையில் எடுக்க மாட்டேன் என்றார்கள். பூச்சித் துளை இருக்கிறது, கேரளா லாரியில் ஏறாது என்று சாக்குகளைத் திருப்பி அனுப்பினார்கள். அன்று மாலை அக்கா தோட்டத்துப் படலருகே அந்தச் சாக்குகளின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த வழியாகப் போன, கன்னியர் நடத்தும் பள்ளி விடுதியின் சிஸ்டர் நின்று விசாரித்தார். ஒரு காயை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"ஓட்டைய வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்தச் சமைச்சா ஆச்சு. பிள்ளைகளுக்கு ஓட்டையவா பரிமாறப் போறோம்?" என்று சொல்லிவிட்டுச் சாக்குகளை விடுதிக்குக் கொண்டுவரச் சொன்னார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. விடுதிக்குப் போன காய் டீச்சர்மார் வீடுகளுக்கும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் பெண்கள் "இன்னைக்கு என்ன காயி?" என்று கேட்டு நின்றார்கள். பிறகு யாரும் காயைக் கொண்டுவரச் சொல்லவில்லை. சாயங்காலமானால் பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள். காய் பறிக்கும் நேரத்தைவிட அங்கே பேசிக்கொண்டிருக்கும் நேரம்தான் அதிகம். அக்காவும் அதைத்தான் விரும்பினாள் என்று நினைக்கிறேன்.

மேற்குத் தோட்டத்துக்காரருக்கு மட்டும் மனத்தாங்கல் இருந்தது. அவர் திராட்சை விவசாயி. ஒரு நாள் வரப்பில் நின்றபடியே, "உன் தோட்டத்துப் பூச்சியெல்லாம் என் தோட்டத்துக்கு விருந்துக்கு வருது, தங்கச்சி" என்றார்.

"உங்க மருந்தும் காத்துல ஏறி இங்கன விருந்துக்கு வருதேண்ணே. நான் எதும் சொன்னேனா?" என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு காற்று எழும்பாத விடியற்காலையில் மட்டும் மருந்தடித்தார். முந்தின நாளே ஆள் விட்டுச் சொல்லியும் அனுப்பினார். அவர் மருந்தை விடவும் இல்லை, அக்காவின் வழிக்கு வரவும் இல்லை. ஆனால் அவர் வீட்டு அடுப்பில் வெந்ததெல்லாம் அக்கா தோட்டத்துக் காய்தான். அவர் மனைவி வரப்பைத் தாண்டி வந்து வாங்கிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

பந்தல் சாய்ந்த வருடம் கோடை விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன். சித்திரை மாதத்து மதியம். மலைப்பக்கம் கறுத்தது, காற்று சுழன்றடித்தது, கல்மழை கொட்டியது. அரைமணி நேரம்கூட இருக்காது. மழை விட்டதும் நானும் அக்காவும் மச்சானும் தோட்டத்துக்கு ஓடினோம். பந்தல் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தூண்கள் சில முறிந்திருந்தன, மற்றவை மண்ணைப் பெயர்த்துக்கொண்டு படுத்திருந்தன. கொடியும் கம்பியும் காயும் சேற்றில் ஒரே பின்னலாகக் கிடந்தன. மச்சான் வரப்பில் உட்கார்ந்தார். 

"முடிஞ்சு போச்சு" என்றார்.

அக்கா சேற்றில் இறங்கி ஒரு காயை எடுத்து முந்தானையால் துடைத்தாள். பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

முதலில் வந்தது மேற்குத் தோட்டத்துக்காரர்தான். டிராக்டரில் சங்கிலியும் கடப்பாரையுமாக, நாலைந்து ஆட்களோடு வந்தார். அவருடைய பந்தலிலும் ஒரு ஓரம் சரிந்திருந்தது.

"உங்க பந்தல் அங்கன கெடக்குதேண்ணே" என்றாள் அக்கா.

"அது கெடக்கட்டும். என் பழம் வெட்டி முடிஞ்சுருச்சு. உன் காயி நாளைக்கு அழுகிரும். ஏலே, அந்தத் தூணப் பிடிங்கடா!"

இருட்டுவதற்குள் ஊரே வந்துவிட்டது. விடுதிச் சிஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போகாமல் தங்கியிருந்த பெரிய பிள்ளைகளை அழைத்து வந்தார். டீச்சர்மார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். முற்றியது, பிஞ்சு, அடிபட்டது என்று எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கிக் கழுவி வீட்டுக்கு வீடு எடுத்துப் போனார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் புடலங்காய்க் கூட்டு, புடலங்காய்ப் பொரியல். ஒரு வீட்டில் மீன் குழம்பிலேயே போட்டுவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் தூண்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. மச்சானும் எழுந்து கம்பி முறுக்கினார்.

பிற்பாடு எத்தனையோ கூட்டங்களில் இயற்கை விவசாயத்தைப் பற்றிப் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். மண், எரு, விதை என்று பேசுவார்கள். எல்லாம் சரிதான். எனக்கு மட்டும் அந்தச் சேற்றில் முழங்கால் வரை நின்ற டீச்சர்மார் ஞாபகத்துக்கு வருவார்கள். கமிஷன் கடை ஏற்காத காயை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஊர்ச்சனத்தைத் தவிர வேறு காப்பீடு கிடையாது. துளையை வெட்டிவிட்டுச் சமைக்கிறவர்கள் பக்கத்தில் இருக்கும்வரைதான் அந்தத் தோட்டம்.

அவர்கள் ஒரே நாளில் போய்விடவில்லை. சிஸ்டர் மாற்றலாகிப் போனார், விடுதிச் சமையல் வேறு கைக்குப் போனது. டீச்சர்மார் ஓய்வு பெற்றுப் பிள்ளைகளிடம் போனார்கள். இளவட்டங்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கிளம்பின. தெருமுனையிலேயே வேனில் காய் வந்து நின்றது. பிறகு மச்சானும் போய்ச் சேர்ந்தார். அக்கா தனியாகவே சில வருடங்கள் பார்த்தாள். கடைசியில் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போனாள். புறப்படும்போது என்னிடம், "மண்ணு என்னையக் கைவிடலடா. வந்து வாங்குன மனுசகதான் ஒவ்வொருத்தராப் போயிட்டாக" என்றாள்.

இந்த வருடம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனபோது தோட்டத்தைப் பார்க்கப் போனேன். பந்தல் கல்தூண்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். சொட்டுநீர்க் குழாய் போட்டுத் தக்காளி நட்டிருந்தார்கள். நல்ல விளைச்சல். கேட் பூட்டியிருந்தது. விடியற்காலையில் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போய்விடுமாம். கேட்டுக்கு வெளியே நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். தக்காளி நன்றாக இருக்கிறது, குத்தகைக்காரர் சின்ன வயது, மனைவியும் கூடவே உழைக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டறிந்ததைச் சொன்னேன். அக்கா எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டினாள்.

"சாயங்காலம் அங்கன யாராச்சும் வாராகளா?"

"இல்லக்கா. யாரும் வர்றதில்ல. அவுகளுக்கு ஊருல யாரையும் தெரியாதாம்."

 

"பாவம்டா" என்றாள். "சித்திரைக் காத்து அடிச்சா அந்தப் பிள்ளைகளுக்கு யாரு வருவாக?"