என் கல்யாணப் படத்தில் அம்மா இல்லை

போன வருடம் வைகாசியில், குன்னத்தூரில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை. நான் சொல்ல வந்தது அதைப் படம் எடுத்தார்களே, அந்தக் கதையை. எழுத உட்கார்ந்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது.

என் பிறந்த வீடு திருப்பூர் நல்லூரில். மாடியில் குடித்தனம், கீழே நாலைந்து மெஷின் போட்ட சின்னத் தையல் யூனிட். அப்பா துணி வெட்டுவார், அம்மா ஓவர்லாக் மெஷினில் தைப்பாள். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர் கேட்ட நிறத்திலும் அளவிலும் துணி வந்திருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் திருப்பி அனுப்புகிற வேலை.

அம்மாவுக்கு உடம்பில் வெண்புள்ளிகள் உண்டு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே இருக்கிறது. விரல் நுனியில் ஆரம்பித்து, புறங்கை முழுக்கப் பரவி, இப்போது உதட்டோரமும் கண்ணைச் சுற்றியும் வெளுத்திருக்கிறது. வலி கிடையாது, யாருக்கும் ஒட்டாது, நிறம் மட்டும்தான் போகும் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தக் கையால்தான் அம்மா தைக்கிறாள், யூனிட்டில் வேலை செய்கிற ஒடிசாப் பெண்களுக்கும் சேர்த்துச் சமைக்கிறாள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கையால் வாங்கித்தான் காப்பி குடித்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு அந்தக் குடும்பத்தைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

கல்யாணத்தைச் சினிமா மாதிரி எடுத்து வைக்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. அதற்காகத் திருப்பூரில் ஒரு ஸ்டுடியோவைப் பிடித்தார். அதன் முதலாளியை எல்லோரும் டைரக்டர் என்றே கூப்பிட்டார்கள். பேச்சுவார்த்தைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் லேப்டாப்பில் ஒரு படம் காட்டினார். லெபனான் நாட்டில் ஏதோ ஒரு மலைக் கிராமத்தில் நடந்த கல்யாணம். வாசலில் மேளம் அதிர்கிறது, மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். பெண்ணின் அம்மா, முகமெல்லாம் சுருக்கம் விழுந்த ஒரு வயதானவர், எல்லோருக்கும் முன்னால் நின்று குலவை போடுகிறார். பாதிப் படம் அந்த அம்மாதான்.

“அட, அங்கேயும் கொலவை போடறாங்க பாரு கண்ணு!” என்று அம்மா குழந்தை மாதிரி சிரித்தாள்.

“நம்ம கொங்குச் சீரு சடங்கு எல்லாத்தையும் இதே லுக்குல எடுத்துரலாங்க. காலத்துக்கும் வெச்சுப் பார்க்கலாம்” என்றார் டைரக்டர். எங்கள் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

கல்யாணத்தன்று மண்டபமே அவர்கள் கைக்குப் போய்விட்டது. மேடையைச் சுற்றி கேமரா, விளக்கு, தலைக்கு மேலே டிரோன். அதன் காற்றில் குத்துவிளக்கு அணைந்து அணைந்து போனது. கல்யாணத்தை நடத்தி வைக்கிற பெரியவரை எங்கள் பக்கம் அருமைக்காரர் என்போம். அவரிடமே டைரக்டர் “இன்னொருக்கா அரிசி போடுங்க” என்று கேட்டுவிட்டார். “நல்ல நேரம் உன்ற கேமராவுக்காக நிக்குமா தம்பி?” என்று அவர் கேட்டதும் கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அம்மாவை மட்டும் யாராவது எங்காவது அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பந்தியில் தேடுகிறார்கள் என்பார்கள். இல்லையென்றால், “அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, லைட்டு மறைக்குது.” பெண்ணைப் பெற்றவளுக்கு மண்டபத்தில் உட்கார நேரம் ஏது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் தாரை வார்க்கும்போது அம்மாவை யாராலும் அனுப்ப முடியவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் இருவரும் தண்ணீர் விட்டுப் பெண்ணை ஒப்படைக்கிற சடங்கு அது. அப்பாவின் கை மேல் என் கை, அதன் மேல் அம்மா செம்பைச் சாய்த்தாள். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

படம் தயாராகி வந்தது ஆவணியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மாமியார் உறவுக்காரர்களையெல்லாம் வீட்டுக்கு அழைத்துவிட்டார். கூடத்தில் பெரிய டி.வி., கீழே ஜமுக்காளம். என் அப்பாவும் அம்மாவும் பஸ் பிடித்து வந்தார்கள். அம்மா கல்யாணத்துக்கு எடுத்த அதே பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள். படம் பார்ப்பதற்குப் பட்டுச் சேலை!

படம் அழகாகத்தான் ஆரம்பித்தது. உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே நானும் அவரும் நடக்கிறோம். தென்னந்தோப்புக்கு மேலே வெயில் ஏறுகிறது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் மண்டபம் வந்தது, சீர்த் தட்டுகள் வந்தன. மாப்பிள்ளையின் அத்தைகள், சித்திகள், ஒன்றுவிட்ட தம்பிகள் என்று ஒருவர் பாக்கியில்லை. பெண் வீட்டாரில் அப்பா வந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு சேலையின் ஓரம் தெரிந்தது, அதோடு காட்சி மாறிவிட்டது. நான் அம்மாவுக்காகக் காத்திருந்தேன்.

தாரை வார்க்கும் காட்சி வந்தது. திரை முழுக்கக் கைகள். மெதுவாக, முத்து முத்தாகத் தண்ணீர் விழுகிறது. பின்னால் உருக்கமான வயலின். செம்பைப் பிடித்திருந்த கைகள் வழவழவென்று, ஒரே நிறமாக, புது நகப்பூச்சோடு இருந்தன.

அவை என் அம்மாவின் கைகள் இல்லை.

அந்த வளையல்களை எனக்குத் தெரியும். என் கணவரின் அக்காவுடையவை. நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்தபடியே, மடியில் இருந்த இரண்டு கைகளையும் முந்தானையால் மெல்ல மூடிக்கொண்டாள்.

ஊரறிய எந்தக் கையால் வேலை செய்தாளோ, எந்தக் கையால் என்னை வளர்த்தாளோ, அந்தக் கையை என் அம்மா ஒளித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

படம் முடிந்ததும் மறுபடி கைதட்டல். “எப்படீங்க சம்மந்தி படம்?” என்று மாமியார் கேட்டார். “நல்லா இருக்குதுங்க. என்ற புள்ள மகாராணியாட்ட இருக்கறா” என்றாள் அம்மா.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

“இதுல எங்கம்மா எங்கீங்க?”

“எங்கியாச்சும் இருப்பாங்க அம்மிணி, படம் வெரசலா ஓடுதுல்ல” என்றார் ஒரு மாமா. ரிமோட்டை எடுத்துப் படத்தை முதலிலிருந்து ஓட்டினேன். ஓடவிட்டேன், நிறுத்தினேன், பின்னால் தள்ளினேன். மண்டப வாசலில் படுத்திருந்த நாய்கூட அதில் இருந்தது. என் அம்மா இல்லை. “உடு கண்ணு, எல்லாரும் பாக்கறாங்க” என்று அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

அண்ணி அழ ஆரம்பித்துவிட்டார். நான் சேலை மாற்றப் போயிருந்த நேரத்தில் அவரைக் கூப்பிட்டு, வெளிச்சம் சரியாக விழவில்லை, கை மட்டும் ஒரு ஷாட் வேண்டும் என்று கேட்டார்களாம். “இப்படிச் சேர்த்துருவாங்கன்னு சத்தியமா தெரியாதும்மா” என்றார். அவரை நான் நம்பினேன்.

என் கணவரிடம் கேட்டேன். படத்தை அவருக்கு முன்பே அனுப்பியிருந்தார்கள். பல தடவை பார்த்திருக்கிறார். பாட்டை மாற்றச் சொல்லியிருக்கிறார், காற்றாலைக் காட்சியை நீட்டச் சொல்லியிருக்கிறார். என் அம்மா இல்லாதது? “நான் கவனிக்கலை” என்றார்.

யாராவது வேண்டுமென்றே சொல்லிச் செய்திருந்தால் அவர்களோடு சண்டையாவது போடலாம். இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் தானாகவே என் அம்மாவைத் துடைத்துப் போட்டார். மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், அவள் இல்லாதது ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் அப்பா அம்மாவோடு நானும் பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் என் கணவர் பைக்கில் நல்லூர் வந்து நின்றார். முகம் தூங்காத முகமாக இருந்தது. “வா, ஸ்டுடியோவுக்குப் போலாம்” என்றார்.

டைரக்டரிடம் துளிக்கூடக் கூச்சம் இல்லை. உட்காரச் சொன்னார், ஜூஸ் வரவழைத்தார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்கின் டோன் மேட்ச் ஆகலை. பார்க்கறவங்க கண்ணு அங்கயே போகும். ஃபிரேமோட அழகு கெட்டுரும்.”

ஷேடு மாறியிருக்கிறது, திருப்பி அனுப்பு என்று தினமும் சொல்கிறவள் நான். அதைத் துணிக்குச் சொல்வோம். என்னைப் பெற்றவளுக்கு அதைச் சொல்ல இவர் யார்? நான் வாய் திறப்பதற்குள் அவரே, “ஒண்ணும் கவலைப்படாதீங்க, அம்மாவையும் சேர்த்துத் தர்றேன்” என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார். எங்கிருந்தோ அம்மாவின் ஒரு படத்தை எடுத்தார், ஏதோ தட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் முகம் ஒரே நிறமாக மாறியது. உதட்டோர வெளுப்பு போனது, கூடவே சிரித்தால் விழுகிற கோடுகளும் போயின. திரையில் இருந்தது யாரோ ஒரு பொம்பளை.

“பாருங்க, ஏஐ-ல எவ்வளவு சூப்பரா வந்திருக்கு. பத்து வயசு கொறைஞ்சுட்டாங்க” என்றார், பெரிய உபகாரம் செய்தவர் மாதிரி.

“நீங்க காட்டுனீங்களே லெபனான் கல்யாணம், அதுல அந்தம்மா மூஞ்சியில இருந்த சுருக்கத்தை யாராச்சும் அழிச்சாங்களா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“அது வேறக்கா. அது டிரெடிஷனல் லுக்.”

வெளிநாட்டுக் கிழவி முகத்தில் தெரிந்தால் பாரம்பரியம், நல்லூர்க்காரி முகத்தில் தெரிந்தால் கோளாறு! நான் மேற்கொண்டு பேசுவதற்குள் என் கணவர் எழுந்துவிட்டார். அதிர்ந்து பேசி நான் பார்த்திராத மனிதர்.

“எங்க அத்தை மூஞ்சியை நீ ஒண்ணும் சரி பண்ண வேண்டாம். மொதல்ல அதை அழி. எடுத்தது எல்லாத்தையும் எடுத்தபடியே குடு. இன்டர்நெட்டுல உன்ற ஸ்டுடியோ பக்கத்துல எங்க கல்யாணத்தைப் போட்டு வெச்சிருக்கறயே, அதை இப்ப என்ற கண்ணு முன்னால எடு.”

எடுத்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தோம். வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது, “நானும் அவனாட்டவேதான் பார்த்திருக்கறேன்” என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஸ்டுடியோவில் கொடுத்ததையெல்லாம் உட்கார்ந்து பார்த்தோம். அம்மா குறுக்கே போகிறபோதெல்லாம் கேமரா சட்டென்று வேறு பக்கம் திரும்பியது. ஒரு இடத்தில் கேமராக்காரர்களில் ஒருவர் பேசுவது பதிவாகியிருந்தது: “அந்தம்மா வருது, கட் பண்ணு.” தாரை வார்த்த நேரத்தில் எல்லாக் கேமராவும் என் முகத்தின் மேல். எல்லோரையும் கூப்பிட்டு அதை மட்டும் மறுபடி எடுக்கலாமா என்று கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “மறுக்கா நடிக்கறதுக்கு அதென்ன நாடகமுங்களா மாப்பிள்ளை? என்ற புள்ளையைத் தாரை வார்த்தது ஒருக்காத்தான்” என்றாள். இந்த விஷயத்தில் அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

என் மாமியார் நல்லூர் வந்தார். அம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “தெரியாம நானும் கை தட்டிப்போட்டனுங்க சம்மந்தி” என்றார். அம்மா, “அதுக்கென்னுங்க, காப்பி குடிங்க” என்றாள். பெரியவர்கள் இருவரும் அதோடு முடித்துக்கொண்டார்கள். என்னால் அப்படி முடித்துக்கொள்ள முடியவில்லை.

கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, அவரவர் செல்போனில் எடுத்ததைக் கேட்டேன். அம்மா எனக்கு வியர்வை துடைத்துவிடுவது வந்தது. பந்தியில் யாரையோ இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்லி அதட்டுவது வந்தது. தாரை வார்த்ததை ஒரே ஒருவர்தான் எடுத்திருந்தார், அப்பாவின் தங்கை. ஆவலோடு திறந்தேன். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை திரையை அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புச் சட்டை முதுகு. அதன் மேல் கொட்டை எழுத்தில் அந்த ஸ்டுடியோவின் பெயர். அந்த முதுகுக்குப் பின்னாலிருந்து அருமைக்காரரின் குரல், “ஊத்து சாமி.” பிறகு தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு அம்மா விம்முவது.

எங்கள் வீட்டில் இருக்கிற கல்யாணப் படம் அதுதான். டிரோனும் கிரேனும் வைத்து எடுத்ததை யாருக்கும் காட்டுவதில்லை. இப்போதெல்லாம் யார் வீட்டுக் கல்யாணப் படத்தைப் போட்டாலும் எல்லோரும் பெண்ணின் நகையைப் பார்க்கிறார்கள், மேடை அலங்காரத்தைப் பார்க்கிறார்கள். என் கண் மட்டும் கூட்டத்தின் ஓரத்திலேயே அலைகிறது, இங்கே யாரைத் தள்ளி நிற்கச் சொன்னார்களோ என்று.