சிவப்புப் புள்ளி வைத்த இசைத்தட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, நாங்கள் கோவை கணபதியில் குடியிருந்தபோது நடந்தது இது. என் மாமனாரின் அக்கா அந்தக் காலத்தில் ஒரே ஒரு இசைத்தட்டில் பாடியிருக்கிறார். சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். போட்டோகூடக் கிடையாது, அந்தத் தட்டுதான் மிச்சம். வீட்டில் கிராமபோன் இல்லை. மாமனாருக்குத் தொண்ணூறு நெருங்குகிறதே என்று, டவுனில் பழைய ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒரு பாயிடம் கொடுத்துப் பாட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரச் சொன்னேன்.

தராசு முள்ளை முறைத்துப் பார்த்தே காய் வாங்குகிறவள் நான். தட்டை மாற்றிவிட்டால்? கொடுக்கும் முன் லேபிளில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டேன்.

தட்டு புள்ளியோடுதான் திரும்பி வந்தது. ஆனால் பாட்டை அரை நிமிடம் கேட்டதுமே மாமனார் முகம் சுண்டிவிட்டது.

"இது எங்க அக்கா இல்ல அம்மணி. ஆரோ சின்னப்புள்ள பாடுது."

ஆகா, வேறு ஏதோ பாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டார் என்று முடிவுகட்டி, மறுநாளே சண்டைக்குப் போனேன். பாய் கோபப்படவில்லை. என் கண்ணெதிரே தட்டை ஓடவிட்டார். அதே கீச்சுக்குரல். கொஞ்சம் யோசித்தவர், பாடும்போது கூட வாசித்த ஆர்மோனியம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, பரணில். இப்போது அதற்கும் அடி போடுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனாரோ, "எடு, நானும் வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

அக்கா சுருதி வைக்கும் கட்டையை மாமனார் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாய் ஒரு குமிழை மெல்லத் திருகித் தட்டின் வேகத்தைக் குறைத்தார். என் கண் அவர் கையைவிட்டு நகரவில்லை. தட்டிலிருந்த ஆர்மோனியமும் எங்கள் ஆர்மோனியமும் ஒரே சுருதியில் சேர்ந்த நொடியில், கீச்சுக்குரல் இறங்கி, வளர்ந்த பெண்ணின் கனத்த குரலாயிற்று.

"எங்க அக்காதானுங்க" என்றார் மாமனார். கட்டையிலிருந்து விரலை எடுக்கவேயில்லை.

"பாடுன அன்னிக்கு ரெக்கார்டு பண்ணுன மெஷினு மெதுவா ஓடியிருக்குதுங்க. லேபிள்ல போட்ட வேகத்தை நம்புனது என் தப்புங்க" என்ற பாய், அதே வேகத்தில் பாட்டை மறுபடி ஏற்றிக் கொடுத்துவிட்டு, தட்டை உறையில் போட்டபடியே என்னிடம் சொன்னார்: "புள்ளிய லேபிள்ல வெச்சது நல்லதாப் போச்சுங்கம்மா. பாட்டு மேல வெச்சிருந்தீங்கன்னா ஊசி தாண்டியிருக்கும்."

முதல் நாளே பார்த்திருக்கிறார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

சந்தேகப்படும் குணம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மாமனார் தினமும் காலையில் அக்காவின் பாட்டைக் கேட்கும்போதெல்லாம், நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கும் அந்தச் சிவப்புப் புள்ளி என் கண்முன் வந்து நிற்கிறது.