பெண் பார்க்க வந்த அன்றைய படம்

என்னைப் பிடிவாதக்காரி என்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். ஆசிரியை வேலையில் முதல் சம்பளம் வாங்கியதும் தேக்கா கடைத்தெருவில் ஒரு பழைய பெட்டிக் கேமராவை வாங்கினேன். அன்றே எனக்கு நானே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன். தினம் ஒரு படம். மழையோ காய்ச்சலோ, ஒன்று எடுத்தே ஆகவேண்டும். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் இரண்டாவது கிடையாது. பூக்கடை வாளி, பால்காரரின் சைக்கிள், பஸ்ஸில் தூங்கி விழும் கண்டக்டர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். "கேமராவும் கையுமா அலையிற பொண்ண எவன் கட்டிக்குவான்?" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஒருவர் தன் அப்பா அம்மாவோடு என்னைப் பெண் பார்க்க வந்தார். காலையிலிருந்தே கேசரி, வடை என்று என்னை அடுப்படியை விட்டு நகரவிடவில்லை. கேமராவை அப்பா அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டார். "இன்னிக்கு ஒரு நாளு அதைத் தொடாதம்மா. அவங்க போனப்புறம் எடுத்துக்க."

போனபிறகு வெளிச்சம் ஏது? காப்பித் தட்டோடு நான் கூடத்துக்கு வந்தபோதே ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தலையைக் குனிந்து நிற்கவேண்டியவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்று விட்டால் கல்யாணத்துக்கு விடவேண்டும், வளைகாப்புக்கு விடவேண்டும், பிறகு விட்டது விட்டதுதான். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிடுவாரோ என்ற பயமும் இருந்தது, ஆனால் அது கொஞ்சம் சின்னது.

தட்டை வைத்தேன். முக்காலியை இழுத்துப்போட்டு ஏறிக் கேமராவை இறக்கினேன்.

"ஒரே ஒரு படம்தாங்க. ஜன்னல் பக்கமா திரும்பி உட்காருங்க."

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். மாப்பிள்ளையின் அம்மாதான் பதறி எழுந்தார். "ஐயையோ, மூணு பேரா எடுக்கக்கூடாது! ஆகாது!"

அவசரத்தில் அதை மறந்தே போனேன். மூன்று பேராகப் படம் பிடித்தால் ஒருவருக்கு ஆகாது என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். நாலாவது ஆளாகக் கூப்பிடலாம் என்று பார்த்தால் அப்பா கோபத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலோ போய்க்கொண்டே இருந்தது. அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை எழுந்து மாடிப்படிப் பக்கம் போனார். கீழே தையல்கடை வைத்திருந்த சீன அம்மா, மேலே என்ன சத்தம் என்று பார்க்க வந்து பாதிப்படியில் நின்றிருந்தார். "மாரி, மாரி" என்று மலாயில் வரச்சொல்லி அவரை அழைத்து வந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தார். இப்போது நாலு பேர். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

முக்காலி மேல் கேமராவை வைத்து, "நான் சொல்ற வரைக்கும் யாரும் அசையக்கூடாது" என்றேன். வெளிச்சம் போதாததால் கேமராவின் கண்ணை வெகுநேரம் திறந்து வைத்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட எனக்கு அப்படி அடங்கியதில்லை.

வழக்கமாகப் பதில் தரகர் மூலம்தான் வரும். மறுநாள் மாலை மாப்பிள்ளையின் அம்மாவே வந்து நின்றார். அப்பா உட்காரச் சொல்லவும் மறந்து நின்றார்.

"நேத்து நான் கண்ண மூடிட்டேன்னு நினைக்கிறேன். ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. படத்தக் காட்டும்மா."

"சுருள்ல இன்னும் மூணு பாக்கி இருக்குங்க. வியாழக்கிழமைதான் முடியும்."

"இப்பவே மூணையும் எடுத்துத் தள்ளேன்லா."

"முடியாதுங்க. தினம் ஒண்ணுதான். இன்னிக்கு எடுத்தாச்சு."

அப்பா இருமினார். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படித்தானா?"

"ஆமாங்க." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சரி, படத்தக் கழுவினதும் சொல்லி அனுப்பு. தட்டோட வர்றோம்."

அடுத்த வாரம் வந்தார்கள். வெற்றிலை பாக்குத் தட்டைக் கீழே வைக்கும் முன்பே மாப்பிள்ளை அம்மாவின் கை படத்துக்கு நீண்டது. கழுத்தில் அளவு நாடாவோடு சீன அம்மா, மாப்பிள்ளை பக்கத்தில் மணப்பெண் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். என் வருங்கால மாமியாரின் கண்கள் நன்றாக மூடியிருந்தன. இதோடு போச்சு என்று நினைத்தேன்.

அவர் படத்தை முந்தானையால் துடைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"போனாப் போகுது. உங்கிட்டதான் நாளைக்கும் ஒண்ணு இருக்கே."