கிழியாமல் கழற்ற வேண்டிய ஃபில்டர்

மகளின் கார் தவளக்குப்பம் சந்திப்பில் நின்றபோது, போனில் முதலில் எனக்குக் கேட்டது பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன்தான். அவள் குரல் அதற்குப் பிறகுதான் வந்தது.

"ம்மா, ஆயில் லைட் செவப்பா எரியுது. வண்டிய ஆஃப் பண்ணிட்டேன்."

"நடு ரோட்லயா நிறுத்துவ?" என்று கத்தினேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இப்போதுகூடத் தெருவில் பஸ் ஹாரன் அடித்தால் வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறேன். அன்றே கார் சாவியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அவளுக்கு சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. "ஆயில் ஒழுகறது நின்னுட்டா சாவி குடுப்பியா?" என்று கேட்டாள். சரி என்றேன். நிற்காது என்ற தைரியத்தில்தான் சொன்னேன்.

ஆயில் ஃபில்டர் ஒரு சிறிய தகர டப்பா மாதிரி இருக்கும். அது இஞ்சினோடு சேரும் இடத்தில்தான் கசிவு. இறுக்கினால் நின்றுவிடும் என்று என் கணவர் யாரிடமோ செயின் சுற்றிப் பிடிக்கும் ஸ்பேனர் இரவல் வாங்கி இறுக்கினார். அவர் மூடிய குழாயை எங்கள் வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. கசிவு நிற்கவில்லை. புதிது மாற்றலாம் என்றால் பழையது அசையவும் இல்லை.

தட்டாஞ்சாவடியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நானும் மகளும் போனோம். அவள் போனில் இருந்த ஃபில்டரின் படத்தைப் பார்த்ததும் கடைக்காரர், "யாரு இத இப்புடிக் கடிச்சி வெச்சது?" என்றார்.

"எங்கப்பா."

"பல்லு நல்லாருக்கா அவருக்கு?"

தொப்பி போல மாட்டும் கப் ஸ்பேனர்தான் நன்றாகப் பிடிக்குமாம். ஆனால் ஓரம் நசுங்கிப்போனதால் அது உட்காராது. மறுபடி செயின் போட்டால் தகரம் இன்னும் நசுங்கும். மகள் பெல்ட் ஸ்பேனரை எடுத்தாள். அது எண்ணெயில் வழுக்குமே என்று கேட்டேன். புது ஃபில்டர், ஆயிலோடு உப்புத்தாள் ஒன்றும் சேர்த்து வாங்கினாள்.

வீட்டில் கணவர் பெரிய ஸ்குரூ டிரைவரும் சுத்தியலுமாக நின்றிருந்தார். "குத்தி ஒரு திருப்பு திருப்பினா வந்துடும் பாப்பா."

"கிழிஞ்சிடும்ப்பா. அடித் தகடு மட்டும் இஞ்சின்ல ஒட்டிக்கிட்டு நிக்கும். அப்புறம் வண்டிய கட்டித்தான் இழுக்கணும். நீ செத்த தள்ளு."

கிழிந்தால் சாவி பீரோவிலேயே இருக்கும் என்பது மூவருக்கும் தெரியும். பழைய துணியால் அவள் எண்ணெயைத் துடைத்தாள். உப்புத்தாளைச் சொரசொரப்பான பக்கம் உள்ளே இருக்கும்படி டப்பாவில் சுற்றி, இஞ்சினை ஒட்டிய விறைப்பான பகுதியில் பெல்ட்டை மாட்டினாள். முதல் இழுப்பில் நழுவியது. துடைத்து மறுபடி மாட்டினாள். நான் பானெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது தானாகவே நிற்கும்.

க்றீச் என்றது. கிழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். டப்பா அசைந்திருந்தது.

கையால் சுற்றி எடுத்த ஃபில்டரில் அதன் ரப்பர் வாஷர் இருந்தது. இஞ்சின் பக்கம் விரலால் தடவிய மகள் இன்னொரு வாஷரை உரித்து எடுத்தாள். முன்பு ஆயில் மாற்றியவர்கள் பழைய வாஷரை எடுக்காமல் அதன்மேலேயே புது ஃபில்டரை மாட்டியிருக்கிறார்கள். எவ்வளவு இறுக்கினாலும் நிற்காததற்குக் காரணம் அதுதான்.

புதியதன் வாஷரில் எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்கினாள்.

"இன்னும் ஒரு சுத்து," என்றார் கணவர்.

"போதும்ப்பா. ஊறுகாய் பாட்டில் இல்ல இது."

ஆயிலை நிரப்பி வண்டியைக் கிளப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தேன். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் தூக்கிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"அன்னிக்கி அங்கயே ஆஃப் பண்ணலன்னா இஞ்சின் போயிருக்கும்மா," என்று சாவிக்குக் கை நீட்டியபடி சொன்னாள். அதைத் திட்டித்தானே சாவியைப் பூட்டினேன்.

"மறுபடி லைட் எரிஞ்சா?" என்றேன்.

"ஓரமாப் போயி நிறுத்தறேன்."

"ஓரம் இல்லன்னாலும் நிறுத்து," என்று சாவியைக் கொடுத்தேன்.