டீசல் லீவரைத் தூக்கிய மத்தியானம்

பிரசவ ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கும் அறைக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. உள்ளே ஜெனரேட்டர். அதற்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலியின் மேல் டீசல். கேனில் இருக்கிற டீசலைச் சொல்லவில்லை, ஆளைச் சொல்கிறேன். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டோடு சரி. பெரிய டாக்டரம்மாவிலிருந்து கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் வரைக்கும் அவர் டீசல்தான். பேருக்கேற்ற வாசனையும் உண்டு. "எந்த சோப்பு போட்டாலும் சோப்புதான் தோத்துப்போகுது" என்று அவர் பெண்டாட்டி அலுத்துக்கொள்வாள். அந்த வாசனை வீட்டுக்குள் வந்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும், அது வேறு விஷயம்.

வேலை என்று பார்த்தால் ரொம்பச் சின்னது. கரண்ட் போகும். போன மறுமூச்சில் எழுந்து எஞ்சினை எழுப்புவார். அது இருமிக் கனைத்து ஒரு சீருக்கு வந்ததும், சுவரில் இருக்கிற பெரிய லீவரைக் கீழே இறக்குவார். லீவர் மேலே இருந்தால் தெருக் கரண்ட், கீழே இருந்தால் ஜெனரேட்டர். அவ்வளவுதான் படிப்பு. ஆனால் அந்த லீவர் இருக்கிறதே, அது ஒரு சண்டிக் கழுதை. கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பக்கமாகச் சாய்த்து, அப்புறம்தான் இழுக்க வேண்டும். அவர் கைக்கு மட்டும்தான் அது பணியும். அப்படி அவர் இறக்கிய வெளிச்சத்தில் பிறந்த குழந்தைகள் வளர்ந்து, கல்யாணமாகி, அதே ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கும் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கேயோ இரண்டு நாடுகள் முட்டிக்கொண்டன. எண்ணெய்க் கப்பல் வரவில்லை. சண்டை எங்கோ, கஷ்டம் நம் வாசலில். ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை, அதற்கு மாற்றாக ஊற்ற டீசலும் இல்லை. மனுஷன் இரண்டு கைகளிலும் கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்க் வாசலில் வெயிலில் காய்ந்தார். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னால் டாக்டரம்மா ஆள் அனுப்பிக் கேட்பார், டீசல் இருக்கா என்று. "நான் இருக்கேன், அதுதான் இல்லன்னு சொல்லு" என்பார் இவர். சிரிப்பாகத்தான் சொல்வார். ஒரு நாள் வலி முற்றிய ஒரு பெண்ணை ஆபரேஷன் செய்ய வழியில்லாமல் வேறு ஊருக்கு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அவள் என்ன ஆனாள் என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை. அதற்கப்புறம் அந்தச் சிரிப்பும் நின்றுபோனது.

டாக்டரம்மா சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஏறாத படி ஏறி, கேட்காத ஆளைக் கேட்டு, மாடி முழுக்க சோலார் தகடு போடவைத்தார். அலமாரி அலமாரியாக பேட்டரி வந்து இறங்கியது. எல்லோரும் இவர் மூஞ்சியைத்தான் பார்த்தார்கள். நானாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், என் அடிமடியிலேயே கை வைக்கிறார்களே என்று. இவருக்கும் உள்ளே ஒரு சுருக் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கேனோடு நின்ற கால் ஆயிற்றே. "வெயில்ல நின்னு டீசலுக்கு அலைஞ்சேன். அந்த வெயிலே போதும்னு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார். டாக்டரம்மா அவரை அனுப்பிவிடவில்லை. தகடுகளைக் கழுவுவது, பேட்டரியின் அளவைப் பார்ப்பது என்று வேலையை மாற்றிக் கொடுத்தார். அதற்கு அவர் மனதுக்குள் எத்தனை தடவை கும்பிட்டாரோ.

பேட்டரியை மாட்ட வந்தவள் ஒரு பெண். இரண்டு பிள்ளை பெற்றவள், வேலையில் படு கெட்டி. இவரை லீவர் முன்னால் நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "அண்ணே, இனிமே மேல் பக்கத்துல தெருக் கரண்டோட பேட்டரியும் சேர்ந்திருக்கு. கரண்ட் போனாலும் விளக்கு எரியும், நீங்க எழுந்திருக்கவே வேணாம். பேட்டரி சுத்தமா தீர்ந்தாத்தான் லீவரை இறக்கணும்."

"சரிம்மா" என்றார். தலைக்குப் புரிந்துவிட்டது. கைக்கு யார் சொல்வது? இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. ஆஸ்பத்திரி முழுக்க பேட்டரி லைன் இழுத்தவர்கள் கொட்டகையை மறந்துவிட்டார்கள். அங்கே ஓடுகிற ஒரு ஃபேனும் ஒரு பல்பும் பழையபடி தெருக் கரண்டிலேயே கிடந்தன. போனால் போகட்டும், கொட்டகையில் யார் பிரசவம் பார்க்கப் போகிறார்கள் என்று அவரும் விட்டுவிட்டார்.

அவருக்கு ஒரே மகள். இரண்டு தடவை கரு தங்காமல் போய், மூன்றாவது தடவை எப்படியோ மாதம் நிறைந்து அப்பாவின் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தாள். காலையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள்தான். மத்தியானம் குழந்தையின் நாடித் துடிப்பு இறங்குகிறது, காத்திருக்க முடியாது என்று தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெண்டாட்டி தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இவருக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வேறு போக்கிடம் தெரியாமல் கொட்டகைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். தியேட்டரின் பின்சுவர் கொட்டகைக்கு எதிரிலேயே இருந்தது.

கொட்டகை ஃபேன் நின்றது. பல்பும் அணைந்தது.

உள்ளே தியேட்டரில் ஒரு விளக்குகூட இமைக்கவில்லை. பேட்டரி தன் வேலையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தச் சத்தமில்லாததுதான் வினையாகப் போயிற்று. கரண்ட் போய், எஞ்சினும் ஓடாமல் இருக்கிற அமைதி என்றால் அவருக்கு ஒன்றுதான் அர்த்தம், உள்ளே இருட்டு. மகள் கத்திக்கு அடியில் படுத்திருக்கிறாள். பேட்டரிக்காரி சொன்னது ஒன்றும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. எதிர்ச் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாய்ந்து எஞ்சினை எழுப்பினார். அது கனைத்துக்கொண்டு எழுந்தது. லீவரைத் தள்ளி, சாய்த்து, கீழே இறக்கினார்.

பல வாரம் ஓடாத எஞ்சின். தொட்டியின் அடியில் தண்ணீர் கோத்த பழைய எண்ணெய். ஆஸ்பத்திரியின் மொத்த பாரமும் தலையில் ஏறியதும் முக்கி முனகி நின்றுவிட்டது. தியேட்டர் பக்கமிருந்து ஒரு நர்ஸ் "லைட், லைட்" என்று கத்தினாள். நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கை அவர் கையே அணைத்துவிட்டது. அது அவருக்குத் தெரியாது. எஞ்சின் தன்னைக் கைவிட்டுவிட்டது என்று மட்டும்தான் தெரிந்தது. குழாயைக் கழற்றி, சட்டையெல்லாம் எண்ணெய் தெறிக்க, கைப்பம்பை அடித்து அடித்துப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை.

அன்றைக்குத் தகடுகளைச் சோதிக்க வந்து மாடியில் இருந்த பேட்டரிக்காரிக்கு எஞ்சின் சத்தம் கேட்டதுமே தூக்கிவாரிப் போட்டது. பேட்டரி நிறைய இருக்கும்போது இது ஏன் ஓடுகிறது? மூச்சிரைக்கப் படியிறங்கி ஓடி வந்தவள் லீவரைப் பிடித்துத் தூக்கினாள். அது அவளுக்கு மசியுமா?

"அண்ணே, எஞ்சினை விடுங்க. லீவரைத் தூக்குங்க."

"மேல என்னம்மா இருக்கு? கரண்ட் போயிருச்சு."

"பேட்டரி இருக்கு. நீங்க இறக்கினதாலதான் இருட்டு. தூக்குங்க."

அவர் அவளைப் பார்த்தார், லீவரைப் பார்த்தார். கரண்ட் இல்லாத நேரத்தில் அந்த லீவரை மேலே தூக்குவது என்பது அவருக்கு மகளைத் தன் கையாலேயே இருட்டில் தள்ளுகிற மாதிரி. இத்தனை வருஷமும் அந்த ஒன்றைத்தான் அவர் செய்யாமல் இருந்தார். எஞ்சின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"அண்ணே, நானும் புள்ள பெத்தவதான். என்னை நம்புங்க."

அவர் நம்பினார். அந்த ஒரு நொடிக்காக இன்றைக்கும் அவர் நன்றி சொல்கிறார், அவளுக்கா, தன் கைக்கா, கடவுளுக்கா என்று அவருக்கே பிடிபடவில்லை. எண்ணெய் வழிகிற கையால் லீவரைத் தள்ளி, சாய்த்து, மேலே தூக்கினார்.

எதிர்ச் சுவரில் உயரத்தில் இருந்த சின்னக் கண்ணாடி ஜன்னலில் வெளிச்சம் வந்தது.

அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து மெலிசாக ஏதோ கேட்டது. பூனையோ என்று நினைத்தார். மறுபடியும் கேட்டது, இந்தத் தடவை நல்ல கோபத்தோடு.

"பொறந்தாச்சு அண்ணே" என்றாள் அவள்.

அவருக்கு உடனே விளங்கவில்லை. எத்தனையோ குழந்தைகளுக்கு வெளிச்சம் கொடுத்த மனுஷன், அந்தக் கொட்டகையில் நின்று ஒரு குழந்தையின் முதல் அழுகையைக் கேட்டதேயில்லை. எஞ்சின் ஓடுகிறபோது எது காதில் விழும்? முதல் முதலாகக் கேட்டது தன் பேத்தியின் குரலை. அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா வெளியே வந்ததும், யாரும் கேட்கும் முன்னாலேயே போய் நின்றார். "லீவரை நான்தான் இறக்கினேன் டாக்டரம்மா. எரிஞ்ச விளக்கை நான்தான் அணைச்சேன்."

டாக்டரம்மா வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். சொன்னதைக் கேட்கத் தெரியாதா, காது எதற்கு இருக்கிறது, உள்ளே வேறு யாராவது இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று ஒரு பாட்டம் தீர்த்தார். இவர் தலையைத் தூக்கவில்லை. அவ்வளவும் தனக்குச் சேர வேண்டியதுதான் என்று நின்றார். திட்டி முடித்ததும் டாக்டரம்மா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கத்தி என் கையில இருக்கு, சுத்தி ஒரே இருட்டு. நர்ஸ் எல்லாம் பதறிட்டாங்க. பதறாதது யார் தெரியுமா? உங்க பொண்ணு. மரத்துப்போன உடம்போட படுத்துக்கிட்டு எங்களுக்குத் தைரியம் சொல்றா. 'எங்கப்பா வெளிய இருக்காரு டாக்டர், இப்ப வெளிச்சம் வந்துரும்'னு."

விளக்கை அணைத்தது தன் கை. அதே நேரத்தில் உள்ளே ஒருத்தி தன்னை நம்பிக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். அந்த நம்பிக்கை வீண்போகாமல் பார்த்துக்கொண்டது மாடிப்படியில் ஓடி வந்த ஒரு பெண்ணும், சத்தமே போடாத சில அலமாரிகளும். மனுஷன் எண்ணெய்க் கையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

பெண்டாட்டி பதறிப்போய் எழுந்து வந்தாள். "எல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சது, இப்ப எதுக்கு அழறீங்க?"

"நன்றி சொல்லணும்" என்றார். "யார்கிட்ட ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

அவள் அவர் கையைப் பிடித்து மகள் இருந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.